ஏசியைக் கழுவிய தண்ணீர்

ஆத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அதில் மூத்தவர், “உப்பைக் கழுவுதேன்னு உப்புத் தண்ணியையே ஊத்தியிருக்காரு எங்க வீட்டுக்காரர்” என்றதும் என் காது அங்கே போய்விட்டது.

“எதுலக்கா?”

“ஏசியிலதான். கடல் காத்துல உப்புப் படியுமேன்னு, மாடியில இருக்க அவுட்டோர் யூனிட்டை ஞாயித்துக்கிழமை தவறாம கழுவுவாரு. எல்லாம் போர் தண்ணி. அதுவும் உப்புத்தானே, உள்ள கேஸ் ஓடுத காயில் குழாயை அரிச்சு ஓட்டையாக்கிட்டு. இந்த வருசம் மூணு தரம் கேஸ் அடிச்சாச்சு, ஒரு மாசம் நிக்க மாட்டேங்கு. இனி புதுசு வாங்கிருங்கன்னு மெக்கானிக் சொல்லிட்டான்.”

“தன்னாலதான் போச்சுன்னு அத்தானுக்குத் தெரியுமா?”

“எப்படிளா சொல்ல? துறைமுகத்துல ரிட்டையர் ஆனபிறகு அவருக்குன்னு இருக்க வேலை அது ஒண்ணுதான். பிள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரில்லா கழுவுவாரு. ஏசிக்கு வயசாயிட்டுன்னு மட்டும் சொல்லுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன். இப்ப என்னடான்னா, எட்டு வருசம் ஓடுனதே என் கவனிப்பாலதான்னு தெருவெல்லாம் சொல்லுதாரு.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் இதே பஸ்ஸில் பின்னால் இருந்தால் என்ன ஆகும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

“புதுசையும் கழுவுவாரேக்கா?”

“கழுவட்டும். ஆள வச்சு மாடிக் குழாயை நல்ல தண்ணி டேங்குக்கு மாத்திட்டேன். கேட்டா, பூச்செடிக்குன்னு சொல்லிக்கிடுவேன்.”