நாலாவது தப்புக்கு யார் பேரு

நீங்க கேக்குறது நாலாவது தப்பு, டாக்டரம்மா. அதுக்கு அப்புறம் வரேன். வரிசை மாறக் கூடாது. முப்பது வருசம் கம்பெனி கேட்டுல நின்னு நோட்டீஸ் வாசிச்சவன் நான். தப்ப வரிசையா சொல்லணும், கடைசில செஞ்சவன் பேர ரெண்டு சாட்சி முன்னாடி சத்தமா வாசிக்கணும். அது எங்க சங்கத்து வழக்கம். உக்காருங்க. அந்த ஃபைலக் கீழ வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

மொதத் தப்பு, தொண்ணூத்தெட்டு. துவாக்குடில எங்க கம்பெனில இலவச இதயப் பரிசோதனைன்னு கேம்ப் போட்டாங்க. சட்டையக் கழட்டிட்டு வரிசைல நின்னோம். ஈசிஜில கோடு கோணலா வந்த பதினோரு பேருக்கும் அடுத்த மாசம் வேலை இல்ல. ரிசல்ட்டு டாக்டர்கிட்டப் போகல, மேனேஜர்கிட்டப் போயிருக்கு.

ரெண்டாவது, ரெண்டாயிரத்தி ஆறு. அட்டாக் வந்தா இதயத் தசை கெடாமக் காக்குற மருந்துன்னு ஒரு ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க. ஆராய்ச்சின்னு ஒரு வார்த்தை சொல்லல. இங்கிலீஷ்ல பதினாலு பக்கம், அடில எங்க சங்கத்து ஆளு முஜிபுர் ரஹ்மானோட கைநாட்டு. மனுசன் மயக்கத்துல கெடக்காரு, விரலப் புடிச்சி அழுத்துனது யாரு? பொழச்சிட்டாரு, நான் இல்லங்கல. கேட்டாங்களாங்கிறதுதான் கேள்வி. நீங்க அந்த ஆஸ்பத்திரி இல்ல, தெரியும். அப்ப நீங்க ரெட்டை ஜடை போட்டிருப்பீங்க.

மூணாவது, ரெண்டாயிரத்திப் பதினாலு. படபடப்பு ஆராய்ச்சின்னு ஜீயபுரத்துல வீடு வீடா நாப்பது வீட்ல எழுதிக்கிட்டுப் போனாங்க. முடிவ வந்து சொல்றோம்னாங்க. வரவே இல்ல. எங்க நெஞ்சு ஒங்க நோட்டுப் புத்தகம் இல்லன்னு நோட்டீஸ் போட்டேன். எட்டாவதோட நின்னவன் எழுதின வரிங்க அது! எங்க படிச்சீங்கன்னு ஒரு காலேஜ் வாத்தியாரு கேட்டாரு. நோட்டீஸ்லதான் சார்னேன்.

நாலாவது, என் சம்சாரம் சந்திரம்மாள். நாலு வருசம் ஆச்சு. தலை சுத்துதுன்னு ஒங்ககிட்ட வந்தா. மாருல ஒயர் ஒட்டி, இடுப்புல பொட்டி மாட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பப் பதியும், கழட்டாதீங்கம்மான்னு அனுப்பிச்சீங்க. பதினேழாம் நாள் அம்மா மண்டபம் படித்துறைல துணி அலசிக்கிட்டிருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. ஆராய்ச்சி பண்ணாங்க, முடிவச் சொல்லல, ஆளு போயிட்டான்னு நோட்டீஸ் அடிச்சேன். கடைசி வரி ஒங்க பேரு, அறிவுமதி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு கை கையா கொடுத்தது எம் பொண்ணு ஜோதி. நீங்க ஒரு கேஸுகூடப் போடல. பயந்துட்டாங்கன்னு மார்தட்டிக்கிட்டேன்.

இப்ப ஜோதிக்கும் தலை சுத்துது. போன வாரம் ரேஷன் கடை வரிசைல விழுந்துட்டா. அம்மா வழில வர்ற கோளாறா இருக்கலாங்கிறீங்க. தசை கெடுறதுக்கு முன்னாடியே மாத்திரை கொடுத்துக் காக்க முடியுமான்னு பாக்குற ஆராய்ச்சிங்கிறீங்க. கையெழுத்துப் போடுற சம்மதக் காயிதமும் தமிழ்ல இருக்கு. நாங்க தொண்டை கிழியக் கத்தினதால வந்த தமிழு அது, மறந்துடாதீங்க. ஆனா அவ உள்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டா. எங்கம்மாவக் கொன்ன டாக்டர் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறா. என் நோட்டீஸ வரி விடாம ஒப்பிக்கிறா.

ஆமா, மூணாவது தடவையா கேக்குறீங்க, சந்திரம்மாள் பொட்டில பதிவு ஏன் ஒம்பது மணி நேரத்துல நின்னுச்சுன்னு. நானும் மூணு தடவை பேச்ச மாத்திட்டேன்.

கொஞ்சம் கிட்ட வாங்க. கழட்டினது நான்தான்.

சங்கத்துலேர்ந்து வரேன், அவ இடுப்புல பச்ச லைட்டு மினுக்குது. தொண்ணூத்தெட்டு கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒன் நெஞ்ச யாருக்குடி எழுதிக் கொடுக்குறேன்னேன். வேணாங்க, இதுக்காகக் குளிக்காமகூட இருக்கேன்னா. ஒயரப் பிச்சி எடுத்து ஒங்க வாட்ச்மேன்கிட்ட வீசிட்டு வந்தேன். அந்த ஒம்பது மணி நேரத்துலயே கோளாறு தெரிஞ்சிடுச்சு, இல்ல? ரெண்டு தடவை ஆள் அனுப்பிச்சீங்க. வாசக் கதவச் சாத்தினேன். அப்புறம், அவ உசிரோட இருக்கும்போதே, ரிஜிஸ்தர் தபால். முடிவ வந்து சொல்லலன்னு ஊரெல்லாம் கத்தினவன் வீட்டுக்கு முடிவு தேடி வந்துச்சுங்க. நான் பிரிக்கல. இந்தாங்க, இன்னும் ஒட்டு பிரியல.

அட, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிறீங்க. பேரு தப்பா வாசிச்சா, வாசிச்சவனே திருத்தி வாசிக்கணும். அந்த விதிய எழுதினவனும் நான்தான்.

கனி பாய்! டீக்கடைய அப்படியே விட்டுட்டு ஒரு நிமிசம் வாசலுக்கு வாங்க, சாட்சி வேணும். யம்மா ஜோதி, கதவத் தொற. கையெழுத்துப் போடுறதும் போடாததும் ஒன் இஷ்டம். இத மட்டும் கேட்டுட்டு முடிவு பண்ணு.

நாலாவது தப்பு. சந்திரம்மாள் நெஞ்சுலேர்ந்து பொட்டியப் பிச்சது, வந்த தபாலப் பிரிக்காம வச்சது, பழிய டாக்டரம்மா பேர்ல அச்சடிச்சது. செஞ்சவன் பேர வாசிக்கிறேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க.

மருதை மகன் பிச்சமுத்து.