தண்ணீரில் குளிரும் மோட்டார்

மரத்தூளைக்கூடச் சகித்துக்கொள்ளலாம் ஐயா, சத்தத்தைத்தான் சகிக்க முடியாது. என்னுடையது கணினி சொல்கிறபடி பலகையைச் செதுக்கும் சின்ன இயந்திரம். பொழுதுபோக்குக்காக நானே பூட்டியது. அதில் முதலில் இருந்த மோட்டார் காற்றில் குளிர்வது. ஓட ஆரம்பித்தால் காதைக் கிழித்துவிடும்.

அடுத்த அறையில் என் அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. சளி தொண்டையை அடைத்தால் தானாகப் புரள முடியாது. ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் தட்டி, குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். என் மனைவி பகலில் வேலைக்குப் போய்விடுவாள். அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான்.

"இந்தக் கூச்சல்ல அவர் கூப்பிட்டா உங்களுக்கு எப்படிங்க கேக்கும்?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. அதனால்தான் தண்ணீரில் குளிரும் மோட்டாருக்கு மாறினேன். அண்ணனுக்காகத்தான் மாறினேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. புது மோட்டார் நல்ல கனம். அதைத் தாங்குகிற பிடியையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வாளித் தண்ணீர், அதற்குள் சின்னப் பம்ப், மோட்டாருக்குள் போய்த் திரும்ப இரண்டு குழாய்கள். ஓடவிட்டபோது வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொடியா, இப்போ நான் கூப்பிட்டா கேக்குதா?" என்றார் அண்ணன், படுத்த இடத்திலிருந்தே. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு நான் இன்னும் பொடியன்தான்.

"நல்லாவே கேக்குதுண்ணே."

அன்றிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. தலையணையை ஏற்றி வை, மணி என்ன, வாசலில் யாரது, ஒன்றுமில்லை சும்மாதான் கூப்பிட்டேன். பழைய மோட்டார் ஓடியபோதும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பார். கேட்காமலிருந்தது எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்மேல் கோபம் கிடையாது. எரிச்சல் இருந்தது, அதை மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. மூன்று மணி நேர வேலை ஒன்று பாதிக்குமேல் ஓடியிருந்தது. "பொடியா" என்றார். அது தலையணைக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை, சளி அடைத்த குரல். எனக்கு வித்தியாசம் தெரியும். நடுவில் நிறுத்தினால் பலகையில் தழும்பு விழுமே என்று நின்றுகொண்டிருந்தேன். நிறுத்தி வைத்து, விட்ட இடத்திலேயே தொடங்க ஒரு பொத்தான் உண்டு. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் யோசித்தேன். இவ்வளவு அமைதியான இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் வேலையை நிறுத்தினேன். புது மோட்டாரைப் பிடியோடு கழற்றி, பழையதை அதன் பழைய பிடியோடு பூட்டினேன். இருபது நிமிடம் பிடித்தது. அவசரப்பட்டால் திருகின் மரை போய்விடும். அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டார். பழையதை ஓடவிட்டு, அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தேன். மூச்சு இல்லை. மனைவிக்குப் போன் செய்தேன்.

"புது மோட்டார்ல தண்ணி ஒழுகிச்சு, காலையிலயே கழட்டிட்டேன். பழசு போட்ட சத்தத்துல அண்ணன் கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல."

அவள் நம்பினாள். நீங்கள்தான் விசாரிக்க வந்ததும் வாளியில் கைவிட்டுப் பார்த்தீர்கள். "காலையிலயே கழட்டினதுன்னா தண்ணி ஏன் இன்னும் வெதுவெதுன்னு இருக்கு?" என்றீர்கள். மோட்டாரின் சூடெல்லாம் அந்தத் தண்ணீருக்குத்தான் போகும். எல்லாவற்றையும் கழற்றியவன் வாளியைக் கவிழ்க்க மறந்துவிட்டேன்.

காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனாலும் ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். பழைய மோட்டாரைப் போட்ட பிறகு அண்ணன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை. மனைவியிடம் சொன்னதில் அந்த ஒன்று பொய் இல்லை, ஐயா.