வெள்ளிப் பேனாவில் இருந்த பெயர்

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பேனா கசிகிறது. பதற வேண்டாம், எழுதி முடித்ததும் கொடுங்கள், பார்த்துத் தருகிறேன். வாக்குமூலம் எழுதுகிறவர் சட்டையிலேயே கறை இருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள்.

டீச்சரின் பேனாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அது என் மேசைக்கு வந்தபோது வெள்ளி என்று சத்தியம் செய்தாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள், அவ்வளவு கறுப்பு. மூடியின் விளிம்பில் லென்ஸை வைத்துத் தேடினேன். 925 என்ற சுத்த வெள்ளி முத்திரை இருந்தது, பக்கத்தில் செய்தவரின் சின்னம். நிப் பதினான்கு காரட் தங்கம். பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தூக்கி விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் பை மையை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பை தார் மாதிரி இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் முதல் சம்பளத்தில், அப்போதே பழைய பேனாவாக, கணவருக்காக வாங்கியதாம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். விற்கப்போவதில்லை, சுத்தம் செய்து என்ன விலை பெறும் என்று சான்றிதழ் கொடுத்தால் போதும் என்றார்.

டீச்சரிடம் அதை வாங்கி வைத்தது என் மாப்பிள்ளை. தங்கையின் கணவர். கடையில் முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். தங்கமான மனிதர், ஆனால் மறதியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். பொருளில் உள்ள கீறல், எழுத்து எல்லாவற்றையும் ரசீதில் குறிக்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். அவர் ‘வெள்ளிப் பேனா ஒன்று’ என்று எழுதி முடித்துவிட்டார். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், கடைப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை வாங்கிய பேனா திங்கட்கிழமைதான் எனக்கு வந்தது. நடுவில் இரண்டு நாள், வீட்டுக்கும் கடைக்குமாக, அது அவர் பையில் இருந்தது. இதை நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பீர்கள்.

சுத்தம் செய்வதில் பாதி வேலை சும்மா இருப்பதுதான். நிப்பை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நாள் நீலம் வந்துகொண்டே இருந்தது. வெள்ளியை மெல்லிய துணியால் துடைக்கலாம், ஆனால் வேலைப்பாட்டுக் கோடுகளுக்குள் இருக்கும் கறுப்பைத் தொடக்கூடாது. அது போனால் பேனா மொட்டையாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் அதையும் தேய்த்துத் தள்ளிவிட்டு, எப்படி இருக்கிறது என்று பல்லைக் காட்டுவார்கள்.

நான்காவது நாள்தான் பெயர் தெரிந்தது. உடலின் நடுவில் ஒரு முட்டை வடிவக் கட்டம், அதற்குள் கணவரின் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘எனக்கு மட்டும் எழுதவும்’. டீச்சருக்கு அந்த வயதிலேயே கண்டிப்பு அதிகம் போலிருக்கிறது.

பெயர் வெட்டிய பேனாவுக்குப் பாதி விலைதான். இதை உலகத்தில் எந்தப் பேனாக்காரரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஊர் பேர் தெரியாதவர் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு யார் அலைவார்கள்? அந்த அம்மாளுக்கு நல்ல விலையாக எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டேன். மெல்லிய உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நாலு இழுப்பில் பெயரின் பாதி போய்விட்டது. பாதிப் பெயரோடு எப்படிக் கொடுப்பது? முழுதும் தேய்த்தேன். இடம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. கந்தகம் கலந்த மருந்தை லேசாகத் தடவிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியான வேலை செய்ததில்லை. அன்று மாலை முழுக்க எனக்கு ஒரே பூரிப்பு. சான்றிதழில் இரட்டை விலை எழுதினேன்.

டீச்சர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“இது என் பேனா இல்ல. அவர் பேர் எங்க?”

“இதேதாம்மா நீங்க குடுத்தது. பேர் எதையும் நான் பாக்கலையே,” என்றார் மாப்பிள்ளை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது அது கறுப்பாக இருந்தது.

நான் உள்ளே இருந்தேன். அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பயமாக இருந்தது. முப்பது வருஷப் பேர், ஐயா. ஒரு விதவையின் பேனாவை மொட்டையடித்தவன் என்று ஆன பிறகு யார் என் கடைப் படி ஏறுவார்கள்?

பெயர் வெட்டியவரின் பழைய ரசீதை டீச்சர் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் மாப்பிள்ளை மேல் அவர் கொடுத்த புகார் எடுபட்டு வழக்கானது. கோர்ட்டில் என்னைச் சாட்சியாகவும் நிபுணராகவும் கூப்பிட்டு, இதில் பெயர் இருந்து அழிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். லென்ஸை வைத்துப் பார்த்தேன். கட்டத்தின் ஓரத்தில் ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சம் நின்றது. எனக்கு அது உறுத்தியது, இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருக்கலாம். “என் கைக்கு வந்த பேனாவில் பெயரே இல்லை,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அப்படியானால் பேனா என் கைக்கு வருவதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு பை. மாப்பிள்ளைக்கு மூன்று வருஷம் போட்டார்கள்.

தங்கை, காணாமல் போகாத அந்தப் பேனாவை வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடப் போய்த் தேடினேன். மெத்தையைத் தூக்கினேன், பரணில் ஏறினேன், அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினேன்.

“அண்ணா, அவர் எடுத்திருப்பாரா?” என்று கேட்டாள்.

“எடுத்திருந்தாலும் திருடணும்னு எடுத்திருக்க மாட்டாரும்மா,” என்றேன். நான் யாரையும் விட்டுக்கொடுத்துப் பேசுகிறவன் இல்லை.

மாதம் ஒரு தடவை சிறைக்குப் போய் அவரைப் பார்ப்பேன். ஒரு தடவை ஆளே பாதியாகியிருந்தார்.

“மச்சான், நான் எங்கயாவது பஸ்ல மாத்தி எடுத்துட்டு வந்திருப்பேனோ? யோசிச்சு யோசிச்சு அப்படித்தான் தோணுது.”

“இருக்கும் மாப்பிள்ளை. மூக்குல கண்ணாடிய வச்சுக்கிட்டே தேடுற ஆளாச்சே நீங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகுதான், பேனாவை மாற்றியது தான்தான் என்று அவரே எழுதிக் கொடுத்தார். எழுதினதும் மனசு லேசாகிவிட்டது என்றார். அதில் மூன்று எழுத்துப்பிழை இருந்தது, நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

இப்போது நீங்கள் அதே பேனாவை ஆய்வுக்கூடத்தில் வைத்து எடுத்த படத்தைக் காட்டுகிறீர்கள். பெயர் முழுசாகத் தெரிகிறது, கீழே இருந்த பொடி எழுத்துகூட. வெட்டும்போது உளி அடியில் இருக்கும் உலோகத்தையும் அமுக்கிவிடுமாம், மேலே எவ்வளவு தேய்த்தாலும் அந்த அழுத்தம் போகாதாம். எனக்கு இது தெரியாது. இந்த வயதிலும் கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பேனா மாறவே இல்லை. டீச்சர் கொடுத்ததும் திரும்ப வாங்கியதும் ஒன்றுதான். பெயரை அழித்தவன் நான். மாப்பிள்ளை ஒரு குண்டூசிகூட எடுக்கவில்லை. பத்தொன்பது மாதமாக அவர் உள்ளே இருப்பது என் ஒரு வார்த்தையால், வெளியே வந்திருக்க வேண்டியதும் என் ஒரு வார்த்தையால். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இன்னொன்றையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தன்மையாகக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் பேசவே வராது.