பயிற்சிக் கட்டிலில் இருந்தவர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அண்ணிக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பயமே அங்கேதான்.

மழைக்கால அந்தி. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. நர்சிங் கல்லூரிக்குப் போகும் சாலையில் ஈ, காக்கை இல்லை. கோடியில் ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கு...

அண்ணி அங்கே ஆசிரியை. உயிருக்குப் போராடும் நோயாளிகளைக் கவனிக்க மாணவிகளைப் பழக்குவது அவர் வேலை. பயிற்சி அறையில் ஆளுயர ரப்பர் பொம்மை படுத்திருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். நாடி துடிக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அதன் மூச்சைக் கூட்டுவதும் குறைப்பதும் அண்ணிதான். மைக்கில் நோயாளியாக முனகுவதும் அவரே.

அன்று செய்முறைத் தேர்வு. உள்ளே ஒரு மாணவி மட்டும். தோழிகள் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. ஏற்கெனவே ஒரு முறை தேறவில்லை. இதிலும் கோட்டைவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அண்ணி ஆக்சிஜனைக் குறைத்தார். மானிட்டர் அலறியது... டிங், டிங், டிங். அந்தப் பெண் மரம் மாதிரி நின்றுவிட்டாள்.

"பயப்படாதம்மா... குழாய் மடங்கியிருக்கு பாரு."

ஆண் குரல். வறண்ட தொண்டை.

அண்ணியின் மைக் மேசைமேல் அணைந்து கிடந்தது.

மாணவி தலையணைக்கு அடியில் கைவிட்டாள். குழாய் மடங்கித்தான் இருந்தது. நிமிர்த்தினாள். மானிட்டரில் எண்கள் மெல்ல ஏறின. அண்ணி எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

கம்ப்யூட்டரையே அணைத்தார். திரை கறுத்தது. ஆனால் அந்த நெஞ்சு... ஏறியது. இறங்கியது. ஒரு வாடை வந்தது. நாள்பட்ட நோயாளியின் வாய் வாடை. ரப்பருக்கு ஏது அது?

"என்னத் தனியா விட்டுட்டுப் போயிடாதம்மா..."

"நான் இங்கதான் இருக்கேன் ஐயா." மாணவி பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாடம் அப்படித்தான்.

அண்ணி உள்ளே ஓடினார். "போதும்டி, நீ பாஸ். கிளம்பு!"

"மிஸ்..." அவள் குரல் உடைந்தது. "கைய விட மாட்டேங்கறாரு."

அந்தப் பொம்மையின் விரல்கள் மடங்காது. ஒரே அச்சில் வார்த்தவை. இப்போது அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. இருவரும் இழுத்தார்கள். ம்ஹூம்.

அண்ணி என்ன செய்தார் தெரியுமா? கட்டிலருகே குனிந்தார். வார்டில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "சின்னப் பொண்ணு ஐயா, விட்டுடுங்க. நான் உங்ககூட இருக்கேன்."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மாணவி பிடித்தாள் ஓட்டம். பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வாட்ச்மேனைக் கூட்டிவந்து தட்டினாள், உலுக்கினாள். திறக்கவில்லை. உள்ளே விளக்கும் இல்லை. அண்ணியின் குரல் மட்டும்... தணிந்து, யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டு.

விடிந்த பிறகு கதவு தானாகத் திறந்தது. அண்ணி நிதானமாக வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"ராத்திரி பூரா என்ன மிஸ் பண்ணீங்க?" என்று அழுதாள் மாணவி.

"அவரு அப்பவே தூங்கிட்டாருடி. பக்கத்துக் கட்டில் அம்மாதான் என்ன விடவே இல்ல."

அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு கட்டில்.