ஆமென் சொல்லி முடிக்கிற வரைக்கும்

அந்த மணியை ஏன் தம்பி அழுத்துறீங்க? சும்மாதானா? பரவாயில்ல, இங்க கேக்காது. அந்தக் கோடியில, துணி அறைகிட்டதான் கேக்கும். நீங்க கட்டில்லயே உக்காருங்க, அப்பா சாமானையெல்லாம் நானே எடுத்துப் பையில வைக்கிறேன். எது எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.

இது சவர செட்டு. இது மூக்குக்கண்ணாடி, ஒரு காது ஆடும், பாத்துப் பிடிங்க. செருப்பு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு அன்னிக்கு ஆம்புலன்ஸ்லயே போயிருக்கும்.

யாரு, நானா? நாளைக்கு அப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி நான் நாலு வார்த்தை பேசணுமா? ஐயோ, வேணாம் தம்பி. அவரு ஃபோன்ல உங்ககிட்ட என்னைப் பத்தி அப்படியெல்லாம் சொன்னாரா? எனக்கு என்ன பேசத் தெரியும்? ஆமா, சபையில பேசுவேன்தான். அது வேற.

உங்கப்பாவுக்குத்தான் சாமி, ஜெபம்னாலே ஆகாதே. இந்த இல்லத்துக்கு வந்த புதுசுல என்னை என்ன பாடு படுத்துனாரு! ஜெபக்காரம்மான்னு பேரு வெச்சதே அவருதான். பாடிக்கிட்டே பெட்ஷீட் மாத்துனா, உங்க சாமிக்குக் காது நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் மெதுவாப் பாடுங்கம்பாரு. நான் கோவிச்சுக்க மாட்டேன். நம்ம வேலையைப் பாத்துத்தானே கர்த்தரோட நாமம் மகிமைப்படணும்? முதுகுக்குப் பவுடர் போட்டாலும், வெந்நீரைப் புறங்கையில ஊத்திச் சூடு பாத்தாலும், கடவுளுக்கே செய்யற மாதிரிதான் செஞ்சேன். பெருமைக்குச் சொல்லல. இல்ல, பெருமைதான். எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது.

ஒரு நாள் சவரம் பண்ணி விடும்போது, கண்ணை மூடிக்கிட்டே சொன்னாரு. உங்க சாமி எப்படிப்பட்டவருன்னு எனக்குத் தெரியாதும்மா, ஆனா கூப்பிட்டா உங்களை மாதிரி வருவாருன்னா, நம்பலாம் போலத்தான் இருக்கு.

அதை அந்த ஞாயித்துக்கிழமையே சபையில சாட்சியாச் சொன்னேன். எல்லாரும் அல்லேலூயான்னாங்க, எனக்குக் கால் தரையில படல. அந்தச் சூட்டோட சூடா இன்னொண்ணும் சொல்லி வெச்சேன். தினமும் காலையில, வேலைக்கு நடுவுல, துணி அறையில முழங்கால் போட்டுக் கால் மணி நேரம் ஜெபிக்கிறேன். அந்த நேரத்துல ஃபோன் வந்தாலும் சரி, யாரு கூப்பிட்டாலும் சரி, அது சாத்தான் கொண்டுவர்ற இடைஞ்சல், நான் அசையறதே இல்லைன்னு. பாஸ்டரம்மா இறங்கி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படித் தம்பி எந்திரிக்கிறது? ஊரறியச் சொல்லியாச்சே.

இல்லல்ல, அழல. இந்தப் பவுடர் டப்பா மூடி சரியில்ல, தூள் பறக்குது. இதையும் வெச்சுடவா?

அன்னிக்கு மணி ரிப்பேர்னுதானே ஆபீஸ்ல உங்ககிட்ட சொன்னாங்க? ஆள் வந்து வயரெல்லாம் மாத்திட்டுப் போனாரு. பாவம், பழசுல ஒரு கோளாறும் இல்லையேன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போனாரு. மணி அடிக்கவே இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னது நான்தான். காலையில இந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்திதானே, வேற யாரு சொல்லுவா?

ரேடியோவைத் தனியா வெச்சுக்குங்க, பையில போட்டா உடைஞ்சிரும்.

மணி நல்லாத்தான் அடிச்சுது தம்பி. மூணு தரம். பாத்ரூம் போக என்னைக் கூப்பிட்டிருக்காரு. மூணாவது தரம் விடாம அழுத்துனாரு. சாத்தான் இன்னிக்கு ரொம்பத்தான் முட்டுறான்னு நினைச்சு, நான் இன்னும் சத்தமா ஜெபிச்சேன். அப்புறம் நின்னு போச்சு. அவரு தானா எந்திரிச்சு நடந்து, விழுந்த சத்தமும் கேட்டுது. அப்பவும் ஆமென் சொல்லி முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன்.

ஓடிப் போய்ப் பாத்தா தரையில கெடக்காரு. இடுப்பு ஒடிஞ்சு கெடக்கற மனுஷன், வேலையா இருந்தீங்களாம்மான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்.

நாளைக்குப் பத்து மணிக்குன்னுதானே சொன்னீங்க? இதைச் சொல்லலாம்னா வர்றேன் தம்பி. வேற எதுவும் பேச எனக்கு வாய் வராது.