முந்திக்கொண்டு சொன்னவள்

போஜி: கைக்குழந்தையோட ஒத்தையா இருக்கறவளுக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய பானையில தினைக்கஞ்சி?

ருய்: பசிச்சுது, காய்ச்சினேன். என் அடுப்பை வேவு பாக்கவா வந்த?

போஜி: உன் புருஷன் காவ் திரும்பி வந்துட்டான், இல்ல?

ருய்: உளறாதக்கா. அவர் வடக்க சின் ராஜா கட்டற எல்லைச் சுவருக்கு மண்ணு சுமக்கறார்.

போஜி: அப்போ காலையில உன் பட்டுப்புழுக் கொட்டகையில இருமினது யாரு? புழுவா? வாயத் திறடி.

ருய்: திறந்தா ஓடிப்போய்ச் சொல்லுவ. சுவர் வேலைக்குப் போகாமப் பதுங்கின சொந்தப் புருஷனையே காட்டிக் கொடுத்தவதானே நீ!

போஜி: மூணு வருஷமா இதத்தானே சொல்ற. கிணத்தடியில என் குடத்துலயே துப்பினியே...

ருய்: ஆமா, துப்பினேன். நீ வாய மூடியிருந்தா தாங் அண்ணன் முகத்துல பச்சை குத்தி இழுத்துட்டுப் போயிருக்க மாட்டாங்க.

போஜி: எத்தன நாளைக்கு மூட? நம்ம அஞ்சு வீடும் அரசாங்கக் கணக்குல ஒரே கட்டு. ஒரு வீட்டுக் குத்தத்த மத்த வீடு மறைச்சா அஞ்சுக்கும் தண்டனை. பொண்டாட்டி முந்திக்கிட்டுச் சொன்னாத்தான் அவளும் பிள்ளையும் தப்பலாம். இல்லன்னா ரெண்டு பேரும் அரசாங்கத்துக்கு அடிமை.

ருய்: நாசமாப் போன சட்டம்!

போஜி: ஜனங்க பிறவியிலயே கெட்டவங்களாம். பயமுறுத்தினாத்தான் அடங்குவாங்களாம். தலைநகர்ல எவனோ படிச்சவன் சொன்னான், ராஜா தலையாட்டிட்டாரு.

ருய்: நாம கெட்டவங்களாவா இருந்தோம்? எங்கம்மா செத்தப்போ நாலு நாள் என் வாயில கஞ்சி ஊத்தினது நீதானே. இப்போ உன் வீட்டுக் கதவு கிறீச்சுனாலே நான் என் கதவத் தாழ் போடறேன்.

போஜி: நானும்தான்... நீயே முந்தியிருக்கணும் ருய்.

ருய்: நிஜத்தச் சொல்லு. உனக்குத் தூக்கம் வருதாக்கா?

போஜி: எங்க வருது? அவரேதான் ‘போய்ச் சொல்லு’ன்னார். குனிஞ்சு என் கால்ல செருப்ப மாட்டிவிட்டார். பாவி... நானும் நடந்தேன்.

ருய்: அய்யோ! இத ஏன் இத்தன நாளா சொல்லல?

போஜி: பேசி வச்சுக்கிட்டுச் சொன்னோம்னு தெரிஞ்சா பிள்ளைங்கள விடுவாங்களா? அதான் நீ துப்பினதத் துடைச்சுக்கிட்டேன்.

ருய்: அக்கா... இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு.

போஜி: எதுக்கு?

ருய்: கொட்டகையில யாருமில்ல. நீ வாசல்ல கால் வச்சப்பவே அவர் பின்வேலியத் தாண்டிட்டார். ஆத்தோரப் பாதையில போறார். தூரம் போகட்டும்னுதான் உன்னோட வாயாடினேன். மன்னிச்சிடு.

போஜி: ஆத்தோரமா?... அடிப் பாவி. நானும் நேரத்தக் கடத்தத்தான்டி வந்தேன். என் கொழுந்தனக் காவல் சாவடிக்கு அனுப்பிட்டேன். ‘ருய்தான் சொல்லி அனுப்பினா’ன்னு உன் பேரைத்தான் சொல்லச் சொன்னேன், உன்னையும் குழந்தையையும் தொடக்கூடாதுன்னு... சேவகர்களக் கூட்டிக்கிட்டு அவன் திரும்பறதும் ஆத்தோரப் பாதையிலதான்.