சென்னம்மாவுக்குச் செய்த வைத்தியம்

களி கிண்டுவதில் என் தங்கை சென்னம்மாவை மிஞ்ச எங்கள் பேரிகை ஊரில் ஆள் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தலையில் ஆபரேஷன் ஆன பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. சில நாள் உப்பை மட்டும் இரண்டு முறை போட்டுவிடுவாள். சொன்னால் கோபிக்கமாட்டாள். இப்போது அவளுக்குக் கோபமே வருவதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். ஊரே பேய் பிடித்துவிட்டது என்று சொன்னபோதும் நான் நம்பவில்லை. எங்கள் நிலத்தில் கூலிக்கு இருந்த தீர்த்தகிரி கிணற்றில் விழுந்து செத்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கண்டால் உடம்பு வெடவெடக்கும். சுவரோடு ஒட்டிக்கொள்வாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். பூசாரி வேப்பிலையால் அடித்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நோய் மூளையில் இருக்கும்போது முதுகில் அடித்து என்ன பிரயோஜனம்? நானே பஸ் ஏற்றிப் பெங்களூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் நல்ல மனிதர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். "நோடி யஜமான்ரே, பயம், துக்கம் எல்லாம் மூளைக்குள்ள இருந்து இந்த முன்பக்கத்துக்கு நரம்பு வழியாத்தான் வருது. அந்த வழிய அறுத்துட்டா சாந்தமாயிடுவாங்க."

வாய்க்காலை அடைப்பதுபோல என்று புரிந்துகொண்டேன். ஞாபகமும் சேர்ந்து போய்விடுமா என்று கேட்க நினைத்தேன். எந்த ஞாபகம் என்று அவர் திருப்பிக் கேட்பார். அதனால் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அவள் தலையை மழித்திருந்தார்கள். அத்தனை மாதம் கழித்து முதன்முறையாக என்னோடு பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஊட்டுக்குப் போலாம்ணா."

"உன் நல்லதுக்குத்தாம்மா" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

வீடு திரும்பியபின் நன்றாகத் தூங்கினாள், சாப்பிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருநாள் காலையில் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அண்ணா, தீர்த்தகிரி மேல ஏறி வர்றப்ப, கயித்த நீ வேணும்னுதான உட்ட? சாப்புடு, ஆறிடும்."

அவள் சொன்னது பொய்யில்லை. அவனுக்குப் பெங்களூரில் மில் வேலை கிடைத்திருந்தது. இவளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தான். எங்கள் வாசலுக்குள் கால் வைக்கக்கூடாத சாதி, ஐயா. கோடையில் கிணற்றைத் தூர் வார இறங்கியவன் வேலை முடிந்து ஏறி வந்தான். கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்திருந்த கயிற்றை விட்டேன். கூழ் கொண்டுவந்தவள் வரப்பில் நின்று பார்த்துவிட்டாள். கயிறு கை நழுவிவிட்டது என்று ஊரில் சொன்னேன். நழுவியிருந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். என் கையை ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் வாயைக் கட்டிவைத்திருந்தது அந்தப் பயம்தான். அதைத்தான் நான் கூட்டிப்போய் அறுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது யார் வந்தாலும் சொல்கிறாள். கேப்பை புடைக்க வந்த பக்கத்து வீட்டு மாதம்மாளிடமும் சொன்னாள். அவள் என்னிடம் வந்து, "பாவம், தலைல கத்தி பட்டது, என்னென்னமோ பேசுது. நீ மனசுல வெச்சிக்காத தம்பி" என்றாள். ஊரே என் பக்கம்தான். எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

ஆனால் தினமும் சொல்கிறாள். திட்டினால் பதில் பேசலாம். அழுதால் காலில் விழலாம். அவள் சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அவள் காலடிச் சத்தம் கேட்டால் நான் சுவர் ஓரமாக ஒதுங்குகிறேன். அவளிடம் அறுத்த பயம் எங்கே போகும் என்று டாக்டர் சொல்லவில்லை.

தீர்த்தகிரியைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அது ஒரு அண்ணன் தங்கைக்குச் செய்ய வேண்டியது. சந்தேகமிருந்தால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். என் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது.